சகுரா போட்ட மாட்சா கிண்ணம்: நாலு வருஷம் யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

மாட்சா, அதாவது பச்ச டீப் பொடிய தண்ணில அடிச்சு குடிக்குற கிண்ணம் இது. ஜப்பான்ல க்யோட்டோ நகரத்துல கோஜோசாக்கா பக்கம் ஒரு சின்ன கடைல வாங்குனது, 9,000 யென்னுக்கு கொஞ்சம் கம்மி. கியோமிசு-யாக்கினு க்யோட்டோ பீங்கான் வகை, லேசா மஞ்சளடிச்ச வெள்ளை க்ளேஸ் (கண்ணாடி மாதிரி பூச்சு), அதுக்கு மேல கையால வரைஞ்ச சகுரா (செர்ரிப் பூ) கிளை, பூ ஓரத்துல மட்டும் தங்கக் கோடு. 17ஆம் நூற்றாண்டுல நோனோமுரா நின்செய்ங்குற குயவர் க்யோட்டோல பேர் வாங்குன ஸ்டைல் இது, அந்தப் பரம்பரைனு சொல்லிக்கலாம், ஆனா நம்ம பட்ஜெட்டுக்கு வந்த தூரத்து சொந்தம்.

வாய் 12 சென்டிமீட்டர், உயரம் 8 கிட்ட. 2 கிராம் பொடி, 70 மில்லி தண்ணி, 80 டிகிரி சூடு, அடி அகலமா இருக்குறதால சாசென் (நுரை அடிக்குற மூங்கில் துடைப்பம்) தாராளமா ஓடும், நுரை சூப்பரா வருது. உள்ள அடில ஒத்த இதழ் வரைஞ்சிருக்காங்க, கடைசி மடக்கு குடிக்கும்போது பச்ச நுரை வழுக்கி இறங்கி அது எட்டிப் பாக்கும், அது மட்டும் இன்னும் போரடிக்கல.

இப்ப குறைக்கு வரேன். க்ளேஸ் சுட்டு எடுத்த அப்புறம் அதுக்கு மேல கலர் வரைஞ்சு 800 டிகிரி கிட்ட மறுபடி சுடுவாங்களாம், அதனால கலரும் தங்கமும் மேலாப்புலதான் ஒட்டிட்டு இருக்கும். இது தெரியாம நான் மொத வருஷம் பாத்திரம் தேய்க்குற ஸ்பாஞ்சோட சொரசொர பக்கத்தால தேய்ச்சு ஒரு பூவோட தங்கத்த காலி பண்ணிட்டேன். வெறும் வெந்நீர், விரல், அவ்ளோதான் போதும். தங்கம் இருக்குறதால மைக்ரோவேவ் பக்கமே கொண்டு போகாதீங்க.

க்ளேஸ்ல நூல் நூலா விரிசல் இருக்கு, கன்யூனு பேரு, உடைஞ்ச பீஸ்னு பயந்து கடைக்குப் போயிடாதீங்க (நான் போனேன்). அதுக்குள்ள டீ இறங்கி இப்ப வலை மாதிரி பழுப்பு ஏறிடுச்சு, எனக்கு புடிச்சிருக்கு, வீட்டுக்காரிக்கு அழுக்கு. குடிக்குறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணில ஊற வச்சா கறை கம்மியாகும்.

பெரிய கூத்து ரெண்டாவது வருஷம். பக்கத்து வீட்டு பாட்டி, ஜப்பானிய முறைல டீ போட சொல்லிக் குடுத்தவங்க, ஜூன் மாச மழைல வந்து கிண்ணத்த பாத்துட்டு "இன்னும் சகுராவா"னு சிரிச்சாங்க, சகுரா கிண்ணம்னா மார்ச்ல பூக்குறதுக்கு கொஞ்சம் முன்னாடி எடுத்து, பூ உதிரும்போது உள்ள வச்சிடணுமாம். நானும் ரோஷத்துல அன்னிக்கே கழுவி துடைச்சு மரப்பெட்டில போட்டு மூடிட்டேன். அடி வளையத்துல க்ளேஸ் கிடையாது, வெறும் மண்ணு, தண்ணிய குடிச்சு வச்சிருக்கும்னு எவனுக்குத் தெரியும். மார்ச்ல தொறந்தா ஈரத்துணி நாத்தம், அடில சாம்பல் கலர்ல பூஞ்சை. ஊற வச்சு, காய வச்சு, மறுபடி ஊற வச்சுனு ரெண்டு வாரம் போச்சு. இப்பல்லாம் ஒரு வாரம் வெளிய காய்ஞ்ச அப்புறம்தான் பெட்டி.

வருஷத்துக்கு ஒரு மாசம்தான் வெளிய வரும், தினமும் குடிக்கணும்னா பூவே இல்லாத கறுப்பு கிண்ணம் ஒண்ணு வாங்கிக்கோங்க.

இந்த மார்ச்ல பாட்டிக்கு இதுலதான் போட்டுக் குடுத்தேன், நல்ல பக்கம் அவங்கள பாக்குற மாதிரி, தங்கம் போன பூ வலது ஓரத்துல ஒளிஞ்சிருக்குற மாதிரி. முகப்புல வாய் வைக்கக் கூடாதுனு அவங்க முறைப்படி ரெண்டு தடவ திருப்புனாங்க, அந்தப் பூ நேரா அவங்க மூக்குக்கு கீழ வந்து நின்னுச்சு.