கராஜுக்கு மேல் அறை: டக்ட்டை இடம் மாற்றிச் சில குளிர்காலம் கழித்து

டொராண்டோ, மார்க்கம் பக்கத்து வீடுகள் பலவற்றில் கராஜுக்கு மேல் ஒரு படுக்கையறை இருக்கும். தெர்மோஸ்டாட் 21 டிகிரி காட்டும்போது அங்கே 17தான். இதற்காகப் பெரிய ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் கருவி) வாங்குவது வீண் செலவு. கோளாறு பெரும்பாலும் டக்ட் (சூடான காற்றைக் கொண்டுவரும் குழாய்) போகும் வழியில்தான்.

பேஸ்மென்டிலிருந்து வரும் 5 அங்குலக் குழாய், கராஜ் சீலிங்கில் டிரைவாலை (சீலிங்கை மூடும் ஜிப்சம் பலகை) ஒட்டிக் கிடக்கும். இன்சுலேஷன் அதற்கு மேலே. அதாவது சூடான குழாய் குளிர்ந்த பக்கத்தில். டிரைவாலைக் கழற்றிக் குழாயை மேல்தளப் பலகையோடு ஒட்டி ஏற்றி, இன்சுலேஷன் முழுவதும் அதற்குக் கீழே வரும்படி செய்வதுதான் உண்மையான மாற்றம். இடமிருந்தால் 6 அங்குலக் குழாய் போடலாம், ஒரு எல்போவையாவது (குழாய் வளைவு) குறைக்கலாம். இன்சுலேஷனுக்கு ஸ்ப்ரே ஃபோம் அடிப்பதானால் குழாய் மூட்டுகளை முதலிலேயே அடைத்துவிட வேண்டும், பிறகு கை போகாது. திரும்ப மாட்டும் டிரைவாலில் சிறு ஓட்டைகூட இருக்கக் கூடாது. கார்ப் புகை வீட்டுக்குள் ஏறும்.

மூட்டுக்கு மூன்று ஸ்க்ரூ, மேலே மாஸ்டிக் (மூட்டை அடைக்கும் கெட்டிப் பசை) பூச்சு. கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி என்றால் ஃபைபர்கிளாஸ் வலை வைத்துப் பூச வேண்டும். 'டக்ட் டேப்' என்று விற்கும் துணி டேப், பெயரைத் தவிர டக்ட்டுக்கு எந்த விதத்திலும் பொருந்தாது. சூட்டில் பசை காய்ந்து, சில குளிர்காலத்திலேயே ஓரம் சுருண்டு தொங்கும். மாஸ்டிக் பூசிய மூட்டு அப்படியே இருக்கும்.

இவ்வளவு செய்தும் இரவில் அறை குளிர்ந்தால் கதவைப் பாருங்கள். உள்ளே வரும் காற்று வெளியேற வழியில்லாவிட்டால் புதுக் காற்று நுழையாது. 30 அங்குலக் கதவின் அடியில் 1 அங்குலம் விட்டால் 30 சதுர அங்குலம் கிடைக்கும். 6 அங்குலக் குழாயின் வாய் 28தான். கணக்கு சரிதான், ஆனால் தடித்த கார்ப்பெட் அந்த இடைவெளியை விழுங்கிவிடும். அப்போது கதவுக்கு மேல் சுவரில் ஒரு கிரில் வைக்க வேண்டிவரும்.

மற்ற அறைகளின் வென்ட்களை மூடி இங்கே காற்றைத் தள்ளப் பலர் பார்க்கிறார்கள். நிறைய மூடினால் ஃபர்னஸ் அளவுக்கு மீறிச் சூடேறி, லிமிட் சுவிட்ச் என்ற பாதுகாப்பு சுவிட்ச் அதை அணைத்துவிடும். அதைவிட, பேஸ்மென்டில் கிளைக்குழாய் பிரியும் இடத்து டேம்பரை (காற்றைக் கூட்டிக் குறைக்கும் தட்டு) சிறிது சிறிதாகத் திருப்புங்கள். ஏசி ஓடும் மாதங்களில் மேல்மாடிக்குக் கூடுதல் காற்று தேவை, அதனால் கைப்பிடியின் இரண்டு நிலைகளையும் குழாயிலேயே மார்க்கரால் குறித்துவையுங்கள்.