ஈறு சிகிச்சை பேக்கேஜுக்கு 38,500 ரூபாய் கட்டி ஏமாந்தோம். பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இன்று காலை காபி கலந்துகொண்டிருக்கும்போது, என் கணக்கிலிருந்து 5,000 ரூபாய் எடுக்கப்பட்டதாக மெசேஜ் வந்தது. நான்காவது தவணை. இன்னும் இரண்டு பாக்கி. முதல் நாளே கட்டிய 8,500-ஐயும் சேர்த்தால் மொத்தம் 38,500 ரூபாய். இவ்வளவு கொடுத்தும் அம்மாவின் ஈறு குணமாகவில்லை. கீழ்வரிசையில் ஒரு முன்பல்லும் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் சர்க்கரை உள்ள பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

அம்மாவுக்கு 61 வயது. சர்க்கரை வந்து 12 வருடம் ஆகிறது. போன வருடத்திலிருந்தே பல் தேய்க்கும்போது ரத்தம் வரும். "பிரஷ் பட்டா ரத்தம் வரத்தான் செய்யும்" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ரத்தம் வரும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைத் தேய்ப்பார். அழுக்கு சேரும் இடத்தையே தேய்க்காமல் விட்டால் நோய் முற்றத்தானே செய்யும்? அன்றைக்கு அது எனக்கும் தெரியவில்லை. அப்புறம் முறுக்கு கடிக்க முடியவில்லை என்றார். பல் நீளமான மாதிரி தெரிந்தது. நீண்டது பல் இல்லை, ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்திருக்கிறது. வாயில் நாற்றம் வருகிறதோ என்று, பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். இத்தனையும் ஈறு நோயின் அடையாளம். வலி மட்டும் இல்லை. வலி இல்லாததால்தான் ஒரு வருடத்தை வீணாக்கினோம்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல்லாவரத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இலவசப் பல் பரிசோதனை முகாம் போட்டார்கள். ஊரில் பல இடங்களில் கிளை வைத்திருக்கும் ஒரு தனியார் பல் கிளினிக். பெயர் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அம்மாவை நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார்கள். போனோம்.

ஏசி அறை, பெரிய நாற்காலி, எதிரே சுவரில் டிவி. பேனா மாதிரி ஒரு கேமராவை அம்மாவின் வாய்க்குள் விட்டு, ஈறை அந்த டிவியில் காட்டினார்கள். சிவந்து, வீங்கி, பல்லின் அடியில் பழுப்பாகக் காரை படிந்திருந்தது. தன் வாயை அவ்வளவு பெரிதாகப் பார்த்ததும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே கோஆர்டினேட்டர் என்று ஒரு பெண் இருந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்கம்மா, எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, இங்கதான் சரி பண்ணினோம்" என்றார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். என் அம்மாவிடம் அவ்வளவு பரிவாகப் பேசுகிற ஒருத்தி பொய் சொல்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

லேசர் சிகிச்சை, ஆறு சிட்டிங். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, வலி இல்லை. ஆடுகிற பல் கெட்டியாகிவிடும், இறங்கின ஈறு ஏறிவிடும், மூன்று வருடம் கேரண்டி. வழக்கமான விலை 55,000, முகாமிலிருந்து வந்ததால் 38,500, அதுவும் இன்று ஒருநாள்தான். கையில் அவ்வளவு இல்லை என்றேன். "அது பிரச்சினையே இல்லைக்கா, வட்டியில்லா இ.எம்.ஐ. இருக்கு" என்று என் போனை வாங்கி, ஒரு கடன் செயலியை இறக்கி, அவரே எல்லாவற்றையும் நிரப்பினார். ஓ.டி.பி. வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். 8,500 ஜிபேயில், மீதி 30,000 ஆறு தவணையில். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

முதல் சிட்டிங் 20 நிமிடம். பல்லின் மேலே தெரிகிற காரையைச் சுரண்டி, பாலிஷ் போட்டு, சிவப்பு வெளிச்சம் வரும் ஒரு கருவியை ஈறின் மேல் காட்டினார்கள். பல் பளிச்சென்று இருந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம். வாய் கொப்பளிக்க ஒரு மருந்து கொடுத்து, தினமும் விடாமல் உபயோகிக்கச் சொன்னார்கள். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் பல்லெல்லாம் பழுப்பேறி, காபியின் ருசியே தெரியவில்லை என்றார் அம்மா. குளோர்ஹெக்சிடின் கலந்த மருந்தாம். டாக்டர் சொல்கிற சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் இப்படித்தான் ஆகுமாம்.

இரண்டாவது சிட்டிங்குக்கு வேறு டாக்டர். பழைய டாக்டர் எங்கே என்றால் "ரொட்டேஷன்" என்றார்கள். மூன்றாவது சிட்டிங்கை மூன்று முறை தள்ளிப்போட்டார்கள். அதற்குள் கீழ் முன்பல்லின் அடியில் வீங்கி, அழுத்தினால் சீழ் வந்தது. ஓடினோம். ரிசப்ஷனிலேயே "லேசர் போட்டா அப்படித்தான் இருக்கும், ஆறிட்டு இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். டாக்டர் வெளியே வரவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. கிளினிக்குக்குப் போன் செய்தால் "டாக்டர் லீவு". மறுநாள் "ஹெட் ஆபீஸ்ல கேளுங்க". ஹெட் ஆபீஸ் எண்ணில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. கையைப் பிடித்துப் பேசிய அந்தக் கோஆர்டினேட்டர் வேறு கிளைக்கு மாறிவிட்டாராம். வாட்ஸ்அப்பில் எழுதினேன், நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. நேரில் போய் நின்றேன். மேனேஜர் என்று ஒருவர் வந்து, "பேக்கேஜ் ஆரம்பிச்சிட்டோம் மேடம், ரீஃபண்ட் கிடையாது" என்றார். கேரண்டி அட்டையைக் காட்டினேன். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்: சர்க்கரை நோயாளிகளுக்குக் கேரண்டி பொருந்தாது. முதல் நாள் படிவத்திலேயே சர்க்கரை என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பணம் வாங்கும்போது அது அவர்கள் கண்ணில் படவில்லை. "உங்க அம்மாவுக்குச் சுகர் இருக்கு, அதனாலதான் பல்லு போகுது" என்று அம்மாவை வைத்துக்கொண்டே சொன்னார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

கடன் செயலிக்காரர்கள், "பணம் கிளினிக்குக்குப் போயிடுச்சு, நீங்க அவங்ககிட்ட பேசிக்கோங்க. தவணை நின்னா உங்க சிபில் ஸ்கோர் குறையும்" என்றார்கள். 38,500 ரூபாயை ஒருவர் வாங்கிக்கொண்டார், இன்னொருவர் வசூல் செய்கிறார், பதில் சொல்ல மட்டும் ஆள் இல்லை.

அலுவலகத்தில் ஓர் அக்கா சொல்லித்தான் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். பல்லாவரத்தில் பீச் வண்டி ஏறினால் கோட்டை ஸ்டேஷனில் இறங்கிவிடலாம். கூட்டம் இருந்தது, அரை நாள் போனது. ஆனால் அங்கே ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டது கிளினிக்கில் இரண்டு மாதத்தில் தெரியவில்லை.

ஈறு நோய்க்கென்று அங்கே தனிப் பிரிவே இருக்கிறது. மேற்படிப்பு படிக்கும் ஒரு பி.ஜி. டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். நுனியில் அளவுக்கோடு போட்டிருக்கிறது. அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெதுவாக இறக்கி, "மூணு, அஞ்சு, ஏழு" என்று எண்ணாகச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொண்டார். ஒரு பல்லுக்கு ஆறு இடம். நல்ல ஈறு என்றால் மூன்று மில்லிமீட்டருக்குள் கம்பி நின்றுவிடுமாம். அம்மாவுக்குக் கடைவாயில் ஏழு வரை இறங்கியது. அப்புறம் எக்ஸ்ரே. பல்லைத் தாங்கும் எலும்பு எங்கெங்கே கரைந்திருக்கிறது என்று பேனாவால் தொட்டுக் காட்டினார்கள். 38,500 ரூபாய் வாங்கிய இடத்தில் இந்தக் கம்பியை ஒருவரும் கையில் எடுக்கவில்லை. எக்ஸ்ரேயும் எடுக்கவில்லை. டிவியில் ஈறின் மேற்பக்கத்தைக் காட்டியே பணம் வாங்கிவிட்டார்கள். நோய் இருந்தது ஈறுக்கு அடியில்.

அந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். பல்லில் தினமும் ஒட்டும் பிசுபிசுப்பான படலத்தில்தான் கிருமி இருக்கிறது. அன்றன்றைக்குத் தேய்த்துவிட்டால் போய்விடும். விட்டால் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சேர்ந்து சில நாளில் காரையாக இறுகும். அதற்கு மேல் எந்தப் பிரஷுக்கும் பொடிக்கும் அது அசையாது. ரத்தம் மட்டும் வரும் கட்டத்தில் சுத்தம் செய்தாலே ஈறு பழைய நிலைக்குத் திரும்பும். எலும்பு கரைய ஆரம்பித்த பிறகு, மேலும் கரையாமல் நிறுத்தலாம். போனது தானாகத் திரும்ப வளராது. "லேசரே பொய் இல்லைம்மா. வேர்ல ஒட்டியிருக்கிற காரையை எடுக்காம மேல வெளிச்சம் காட்டினா என்ன பிரயோஜனம்?" என்றார். சீழ் வந்த பல்லைச் சுற்றி எலும்பே இல்லை, எடுக்க வேண்டியதாகிவிட்டது.

மூன்று மாத சர்க்கரை சராசரியைப் பார்க்கச் சொன்னார்கள். 9.4. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறில் சீழ் இருந்தால் சர்க்கரையும் இறங்காதாம். பி.பி. மாத்திரையின் பெயரைக்கூடக் கேட்டார்கள். சில மாத்திரைகள் ஈறைத் தடிக்க வைக்குமாம். எங்கள் சர்க்கரை டாக்டரிடம் மாத்திரையைச் சரிசெய்துகொண்டு வந்த பிறகு, மரத்துப்போக ஊசி போட்டு, வாயின் ஒவ்வொரு பக்கமாக ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்தார்கள். போன வாரம் மறுபடி அளந்தபோது ஏழு இருந்த இடம் ஐந்தாகியிருக்கிறது. ரத்தம் வருவது பெரும்பாலும் நின்றுவிட்டது. இன்னும் ஆழம் குறையாத இடத்தில் ஈறைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டியிருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். கேரண்டி எதுவும் தரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஆன மொத்தச் செலவு எங்கள் ஒரு தவணைகூட இல்லை.

இதைச் சொன்னதும் பக்கத்து வீட்டு மாமி, "க்ளீன் பண்ணினா பல்லு ஆடுமே" என்றார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். இடுக்கில் இறுகியிருந்த காரை போனதும் இடைவெளி தெரிகிறது, அவ்வளவுதான். பல்லை ஆட வைப்பது காரை.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். ஆபீஸுக்கு நேரமாகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால் அந்த வாரமே காட்டுங்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தம் அதிகம் வராமலே எலும்பு கரையலாம், அவர்கள் ரத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். கம்பியால் அளந்து எண்ணை எழுதிக் கொடுக்காத, எக்ஸ்ரே எடுக்காத இடத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். இன்று ஒருநாள் விலை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். போனை யார் கையிலும் கொடுக்காதீர்கள், ஓ.டி.பி. சொல்லாதீர்கள். பில்லில் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் கேளுங்கள். என் பில்லில் "பல் சேவை" என்று மட்டும்தான் இருக்கிறது, யார் செய்தார்கள் என்று நிரூபிக்கவே கஷ்டப்படுகிறேன்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், நாம் கட்டிய பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. அதே கிளினிக்கில் பேக்கேஜ் கட்டிய யாராவது எங்கள் குடியிருப்பில் இருந்தால் என்னிடம் பேசுங்கள், சேர்ந்தே போகலாம். அம்மாவிடம் மட்டும் தொகையைச் சொல்லிவிடாதீர்கள். 8,500 என்றுதான் அவருக்குத் தெரியும்.