மூன்று நாள் மட்டும் தொங்கிய டிஷியன் பேனர் வேண்டுமா? கொஞ்சம் பொறுங்கள்

கண்காட்சி முடிந்ததும் அருங்காட்சியகங்கள் கழற்றுகிற பேனர்களைத் தேடி வாங்கும் கிறுக்கு எனக்கு உண்டு. அதுவும் மறுமலர்ச்சிக் கால ஓவியம் அச்சான பேனர்கள் என்றால் கை நிற்காது. லண்டனில் என்னைப் போல இன்னும் சிலராவது இருப்பீர்கள். போன மாதம் 180 பவுண்டைத் தொலைத்த கதையை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

சரக்கு, 2020இல் லண்டன் நேஷனல் கேலரியில் நடந்த, இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியர் டிஷியனின் கண்காட்சியின் விளக்குக் கம்பப் பேனர் என்று சொல்லப்பட்டது. அந்தக் கண்காட்சி தெரிந்தவர்களுக்கு என் பதற்றம் புரியும். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்காக டிஷியன் தீட்டிய ஆறு புராண ஓவியங்கள் பாஸ்டன், மாட்ரிட், லண்டன் என்று சிதறிப் போயிருந்தன. 400 ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவை ஓரிடத்தில் கூடின. மார்ச் 16 திறந்தார்கள், மூன்றே நாளில் கொரோனாவால் மூடினார்கள். நான் டிக்கெட் எடுத்திருந்தது அதற்கடுத்த வாரத்துக்கு.

“மார்ச்சில் டிராஃபால்கர் சதுக்கத்துப் பக்கம் தொங்கியது. கழற்றின வேலையில் நானும் இருந்தேன். ஒன்றே ஒன்றுதான் மிச்சம்” என்றார் விற்றவர். பச்சைக் கதவு ஒன்றின்மேல் மாட்டி எடுத்த படம் அனுப்பினார். மேல் மடிப்பில், கம்பி நுழையும் இடத்தில், விரல் நீளத்துக்குத் துருக்கறை. நான் விழுந்தது அந்தக் கறையில்தான். தெருவில் தொங்கிய பேனருக்கு அழுக்குதான் சாட்சி: கம்பி உரசிய தடம், ஒரு பக்கம் மட்டும் வெளுத்த நிறம், காற்றில் இழுபட்ட தையல். மூன்று நாளில் எப்படித் துரு ஏறும் என்று அப்போது தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் ஊரடங்கு முழுக்கத் தொங்கியது என்று சொல்லியிருப்பார், நானும் நம்பியிருப்பேன்.

பேனர் வந்த அட்டைக் குழாயைத் திறந்ததுமே நம்ம ஊர் ஃப்ளெக்ஸ் கடை வாசனை. ஐந்து வருடப் பழைய பேனர் அப்படி மணக்காது. துருக்கறையைக் காணோம். கம்பத்துப் பேனர் இரண்டு பக்கமும் தெரிய வேண்டியது என்பதால் பொதுவாக இருபுறமும் அச்சடிப்பார்கள். இதற்குப் பின்பக்கம் வெறும் வெள்ளை. முன்பக்கம் அந்த ஆறில் ஒன்றான ‘டயானாவும் ஆக்டியனும்’: டயானா தேவி குளிப்பதை வேட்டைக்காரன் ஆக்டியன் பார்த்துவிடும் காட்சி. அசல் ஓவியத்தில் தூணின் உச்சியில் ஒரு மான் மண்டை ஓடு இருக்கும், ஆக்டியன் மானாகிச் சாகப் போவதற்கு முன்னறிவிப்பு. இதில் அது சுண்ணாம்பு உதிர்ந்த கட்டி மாதிரி கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. இணையத்திலிருந்து எடுத்த சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

இவ்வளவும் போகட்டும். அடியில் அச்சாகியிருந்த தேதி: 2021 ஜனவரி 17 வரை. மார்ச்சில் திறந்தபோது அறிவித்த கடைசி நாள் 2020 ஜூன் 14. ஊரடங்குக்குப் பின் ஜூலை 8இல் மறுபடி திறந்தபோது நீட்டித்ததுதான் அந்த ஜனவரி தேதி. மார்ச் மாதம் தொங்கிய பேனருக்கு இது எப்படித் தெரியும்?

இதைக் கேட்டேன். “அது ஜூலையில் மறுபடி அடித்தது” என்றார். அப்படியானால் மார்ச்சில் தொங்கியது எது என்றேன். அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார்.

பணம் போன வழியில் என் முட்டாள்தனமும் சேர்ந்திருக்கிறது. “கட்டணம் மிச்சம், நண்பருக்கு அனுப்புகிற மாதிரி பேபாலில் போடுங்கள், 20 பவுண்டு குறைக்கிறேன்” என்றார். அந்த வழியில் அனுப்பினால் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது என்பது தெரிந்தேதான் அனுப்பினேன். ஊரில் அம்மாவிடம் சொன்னபோது, “ஃப்ளெக்ஸுக்காடா அவ்வளவு காசு? இங்க மாட்டுக் கொட்டகைக்கு மேல சும்மாவே கெடக்கு” என்றாள். பதில் இல்லை.

இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது பின்பக்கத்தின் படம், பிறகு மேல் மடிப்புத் தையலைக் கிட்டத்தில் எடுத்த படம், அதன் அருகே அன்றைய தேதி எழுதிய ஒரு துண்டுக் காகிதம். கண்காட்சி முதலில் அறிவித்த தேதியை நானே தேடி ஒப்பிடுகிறேன். நேரில் வந்து பார்க்கிறேன் என்றதும் ஊரில் இல்லை என்பவரிடம் அடுத்த பேச்சு கிடையாது. கசங்கலும் கறையும் படத்தில் இருந்தால், கைக்கு வரும் பேனரிலும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

நேற்று வேறொரு பெயரில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஓவியர் ரஃபேலின் 2022 கண்காட்சிப் பேனராம், ஒன்றே ஒன்றுதானாம். மாட்டியிருப்பது அதே பச்சைக் கதவில்.