கொல்லிமலைக்காக மாற்றிய பிரேக், கடலூர் உப்புக்காற்றில் மூன்றரை வருடம்

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். ஃபோர்டு எண்டவர் 3.2 ஃபோர் வீல், 2018 மாடல், நம்ம மறைமலை நகரில் செய்தது, நான் இரண்டாவது ஓனர். வாங்கின கையோடு சும்மா இருக்காமல் அடியில் இரும்புத் தகடு, மேலே கேரியர், அதன்மேல் கூடாரம், பின்னால் டிராயர் பெட்டி, இரண்டாவது பேட்டரி, 40 லிட்டர் தண்ணீர் டேங்க் என்று ஏற்றிக்கொண்டே போனேன். (முன்னால் மாட்டுகிற இரும்புத் தடுப்பு, புல் பார், மட்டும் இல்லை. அதற்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை போட்டாயிற்று. போட்டுக்கொண்டு திரிகிறவர்கள் திரிகிறார்கள், அது வேறு பஞ்சாயத்து.) ஒருநாள் சிப்காட் பக்கம் லாரி எடை மேடையில், குடும்பத்தையும் உள்ளே உட்கார வைத்து ஏற்றிப் பார்த்தேன். 2,870 கிலோ. எடை போட்ட பையன் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "சார், மணல் ஏதும் ஏத்தியிருக்கீங்களா?" என்று கேட்டான்.

2021 டிசம்பரில் இதே கோலத்தில் கொல்லிமலை போனோம். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது எழுபது கொண்டை ஊசியில் இருபத்தைந்தாவது பலகை பக்கம் வரும்போது ஒரு கருகல் நெடி, அடுத்த வளைவில் பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி உள்ளே போகிறது. வண்டி நின்றது, ஆனால் எனக்கு முதுகில் வேர்த்துவிட்டது. ஓரமாக நிறுத்தினால் முன் சக்கரங்களிலிருந்து புகை. சித்தப்பா உடனே தண்ணீர் கேனோடு இறங்கிவிட்டார், சக்கரத்தில் ஊற்றுவதற்கு. "ஐயோ சித்தப்பா, ஊத்தாதீங்க, டிஸ்க் வெடிச்சிடும்" என்று கத்தித் தடுத்தேன். நாற்பது நிமிடம் ஆறவிட்டுத்தான் காரவள்ளிக்கு இறங்கினோம்.

இதில் வண்டிக் கம்பெனியின் தப்பு ஒன்றும் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏற்றின சுமை என்னுடையது. 265/60 ஆர் 18 டயரைக் கழற்றிவிட்டு 265/70 ஆர் 17 போட்டதும் நான்தான். விட்டத்தில் சுமார் 28 மி.மீ. கூடுகிறது, அதாவது அதே பிரேக் கிட்டத்தட்ட மூன்றரை சதவீதம் கூடுதலாக உழைத்தால்தான் பழைய பிடி கிடைக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய முட்டாள்தனம், ஆட்டோமேட்டிக் கியரை 'டி'யிலேயே விட்டுவிட்டு மலை முழுக்க காலை பிரேக்கில் வைத்திருந்தது. மேனுவல் மோடில் இரண்டாவது கியரில் இறங்கியிருந்தால் பாதி சூட்டை இன்ஜின் வாங்கியிருக்கும். கணக்குப் போட்டால் விளங்கும்: 2,870 கிலோ வண்டி ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவரும் சக்தி சுமார் 28 மெகாஜூல். 200 லிட்டர் டிரம்மில் பாதிக்குத் தண்ணீர் பிடித்து அதைக் கொதிக்க வைக்கிற சூடு அது. காற்றும் இன்ஜினும் வாங்கிக்கொண்டது போக மீதி அத்தனையும் சக்கரத்தோடு சுற்றுகிற நாலு இரும்புத் தட்டுக்குள், அதாவது டிஸ்க்குக்குள், போகிறது.

சரி, பிரேக் மாற்றலாம் என்று முடிவு செய்து தேட ஆரம்பித்தால் தலை சுற்றியது. சென்னையில் ஒரு கடையில் ஆறு பிஸ்டன் காலிப்பரோடு (டிஸ்க்கை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் கவ்வி) பெரிய டிஸ்க் செட் போடச் சொன்னார்கள். பார்க்க அம்சமாக இருந்தது, சிவப்புப் பெயின்ட் வேறு. ஆனால் என் 17 அங்குல வீலுக்குள் அது உட்காராது, முன்பக்கம் மட்டும் பிடி ஏறினால் முன் பின் சமநிலை கெடும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ் பழைய கணக்கில்தான் வேலை செய்யும். வேண்டாம் என்று வந்துவிட்டேன். ஓட்டை போட்ட டிஸ்க்கும் வேண்டாம். கனமான வண்டியில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஓட்டையின் ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும். கடைசியில் எடுத்தது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த முன் ஜோடி: அதே அளவு, ஹை கார்பன் வார்ப்பு, கோடு வெட்டினது, அதாவது ஸ்லாட் போட்டது, முழுக்கத் துரு தடுக்கும் பூச்சு பூசினது. அங்கே இதே வண்டி எவரெஸ்ட் என்ற பெயரில் ஓடுவதால் பொருளுக்குப் பஞ்சமில்லை. வரியெல்லாம் சேர்ந்து எனக்கு 46,000 ரூபாய் ஆனது. பின்பக்கத்துக்குச் சாதாரண டிஸ்க், பூச்சில்லாதது. அங்கே கஞ்சத்தனம் பண்ணினேன், அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

டிஸ்க்கில் அழுந்தி உரசுகிற கட்டை இருக்கிறதே, பேட், அந்த விஷயத்தில்தான் நான் நேரடியாக ஏமாந்தேன். பேடின் ஓரத்தில் ஒரு குறியீடு அச்சடித்திருக்கும், கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் பிடிப்பு, இரண்டாவது கொதிக்கும்போது பிடிப்பு. 'எஃப்' என்றால் உராய்வு எண் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. நான் இது தெரியாமல், "ரேஸ்ல போடுறது சார்" என்று ஒருவர் சொன்னதை நம்பி, 'ஈஜி' என்று போட்டிருந்ததை வாங்கினேன். சூடானால் பிரமாதம்தான். ஆனால் காலையில் மஞ்சக்குப்பத்தில் பையனைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிறவனுக்கு எங்கிருந்து சூடு வரும்? முதல் நாலைந்து சிக்னல் வரை பெடலில் மரக்கட்டை உட்கார்ந்திருந்தது, அதோடு ஒவ்வொரு முறை நிற்கும்போதும் தெருவே திரும்பிப் பார்க்கிற கீச்சு. நாலு மாதத்தில் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டு, கனரக ஃபோர் வீல் வண்டிகளுக்கென்றே வருகிற செமி மெட்டாலிக் பேட், 'எஃப்எஃப்', போட்டேன். அன்றிலிருந்து பிரேக் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. (உராய்வுப் பொருள் செய்கிற ரானே குழும ஆலை புதுச்சேரியிலேயே இருக்கிறது, நான் கப்பலில் வந்த பேடுக்கு அலைந்துகொண்டிருந்தேன்.)

புது டிஸ்க், புது பேட் போட்டால் அப்படியே ஓட்டிவிடக் கூடாது, பழக்க வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு விருத்தாசலம் ரோட்டில் குள்ளஞ்சாவடி தாண்டி, 60லிருந்து 10 வரை நிதானமாகப் பத்துத் தடவை குறைத்தேன், எங்கேயும் முழுதாக நிறுத்தவில்லை. சூட்டோடு நிறுத்திப் பெடலை அழுத்திக்கொண்டே இருந்தால் பேடின் அச்சு டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பதினைந்து நிமிடம் பிரேக்கே தொடாமல் ஓட்டி ஆறவிட்டேன்.

இனி உண்மையான கதை. மலைக்கென்று வாங்கினேன் இல்லையா, இந்த மூன்றரை வருடத்தில், 41,000 கிலோமீட்டரில், மலைக்குப் போனது மொத்தம் ஆறு தடவை. கல்வராயன் மலை நாலு, ஏற்காடு ஒன்று, கொல்லிமலை மறுபடி ஒன்று (இந்த முறை இரண்டாவது கியரில், நெடியே இல்லை). மீதி நாளெல்லாம் வண்டி நிற்பது தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில். மூன்று நாள் எடுக்காமல் நிறுத்திவிட்டுக் கிளப்பினால் 'டொக்' என்று ஒரு சத்தம், பேட் டிஸ்க்கோடு துருவில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருகிற சத்தம். செமி மெட்டாலிக் பேடில் இரும்புத் தூள் உண்டு, அதனால் இது கூடுதல். முன் டிஸ்க்கில் பேட் உரசுகிற இடத்தில் பூச்சு முதல் நாளே போய்விடும், அது இயல்பு. டிஸ்க்கின் நடுவில் தொப்பி மாதிரி எழும்பி நிற்கிற பகுதியிலும் காற்றுப் போகிற உள் இடுக்கிலும் பூச்சு இன்றும் அப்படியே இருக்கிறது. பின் டிஸ்க்கைப் பார்த்தால் வயிறு எரிகிறது. உள் இடுக்கில் துரு அப்பளம் அப்பளமாக உரிகிறது, ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் கீழே கொட்டுகிறது.

14,000 கிலோமீட்டரில் 90 வேகத்தில் பிரேக் தொட்டால் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. ஒரு பட்டறையில் "டிஸ்க் வளைஞ்சிடுச்சு சார், லேத்துல கொடுத்து மேல ஒரு அடுக்கு எடுத்துடலாம்" என்றார்கள். 46,000 ரூபாய் பொருளைச் சீவ மனசில்லை. முதலியார்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் எடுத்துப்போனேன். அவர் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தார், 0.13 மி.மீ. ஆட்டம். டிஸ்க்கைக் கழற்றி, பின்னால் அது உட்காருகிற ஹப்பின் முகத்தை விரலால் தடவி என் கையைப் பிடித்து அதில் வைத்தார். உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு.

"தம்பி, டிஸ்க் நேராத்தான் இருக்கு. உக்கார்ற பலகைதான் கோணல்."

கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்து, திரும்ப மாட்டி, நட்டுகளை டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) எதிரெதிராக இறுக்கினார். 0.04. நடுக்கம் போய்விட்டது. வாங்கினது 600 ரூபாய், டீயும் அவர் செலவு. காலிப்பர் நகர்கிற கம்பியை உருவிப் பார்த்து அவர் சிரித்ததும் நினைவிருக்கிறது: முந்தின பட்டறையில் சாதாரண பேரிங் கிரீஸ் தடவியிருந்தார்கள், ரப்பர் உறை உப்பி அந்தக் கம்பி அசையவே இல்லை, ஒரு பக்க பேட் மட்டும் தேய்ந்திருந்தது. அங்கே சிலிக்கோன் கிரீஸ்தான் போட வேண்டும். அதிலிருந்து வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்றே பார்க்கிறேன்.

ஸ்லாட் உண்மையில் எங்கே உதவியது என்று கேட்டால், கேப்பர் மலைச் செம்மண் சேற்றில். மழைக்குப் பிறகு அந்த மண் சாந்து மாதிரி பூசிக்கொள்ளும், கோடுகள் வழியாக அது சீக்கிரம் வழித்துக்கொண்டு போய்விடுகிறது, இரண்டு மிதியில் பிடி திரும்பிவிடுகிறது. ஆனால் 2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பெருகி ஊரெல்லாம் வண்டல் தண்ணீர் நின்றபோது, சொந்தக்காரர்களுக்குப் பால், தண்ணீர் கேன் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வாரம் அதிலேயே ஓட்டினேன். எண்டவர் 800 மி.மீ. ஆழம் வரை இறங்கும், பிரேக்குக்கு அந்தத் தைரியம் கிடையாது. நுண்மணல் பேடில் உப்புத்தாளாக வேலை செய்து அந்த வாரத்தில் மட்டும் ஒன்றரை மி.மீ. போய்விட்டது. ஒரு இரவு சின்ன ஜல்லி ஒன்று டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கிற மறைப்புத் தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, வீடு வரை கத்திக்கொண்டே வந்தது. பின்னோக்கி நாலடி ஓட்டினதும் தானாக விழுந்தது.

டிஸ்க் கனத்தை அளக்க ஒரு சின்ன உத்தி: தேய்ந்த டிஸ்க்கின் வெளி விளிம்பில் துரு மேடு நிற்கும், வெர்னியரை நேரே வைத்தால் அது மேட்டைத்தான் அளக்கும். இரண்டு பக்கமும் ஒரு ரூபாய் நாணயம் ஒன்று வைத்துச் சேர்த்து அளந்து, நாணயங்களின் கனத்தைக் கழித்துவிடுங்கள். என் முன் டிஸ்க் தொப்பியில் பொறித்திருக்கிற குறைந்தபட்ச அளவுக்கு மேல் இன்னும் 0.9 மி.மீ. இருக்கிறது.

பிரேக் ஆயில் பற்றி யாரும் பேசுவதில்லை, அன்று கொல்லிமலையில் என்னைப் பயமுறுத்தினது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். டாட் 4 என்கிற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் இழுத்தபின் 155 தான் தரம். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவியை அழுத்தினால் பெடல் பஞ்சு. நான் வாங்கும்போது இருந்த ஆயில் டீ டிகாஷன் நிறம். நம் ஊர்க் காற்றில் இரண்டு வருடம் காத்திருக்காமல் வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், மாற்றிவிடுகிறேன். எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிறது, 46,000 ரூபாய் டிஸ்க் செய்ததைவிட அதிகம் செய்தது இதுதான் என்பது என் சந்தேகம்.

திரும்ப வாங்குவதென்றால் ஸ்லாட்டுக்குப் பணம் கொடுக்க மாட்டேன். பூச்சு பூசின சாதா டிஸ்க் நாலு, 'எஃப்எஃப்' செமி மெட்டாலிக் பேட், புது ஆயில், போதும். வாரம் ஒரு மலை ஏறி இறங்குகிறவர்களும் சேற்றிலேயே கிடக்கிறவர்களும் ஸ்லாட் போடட்டும், பேட் கொஞ்சம் சீக்கிரம் தேயும், தார் ரோட்டில் லேசாக 'உர்ர்' என்று ஒரு சத்தமும் வரும். நிற்கும் தூரம் பாதியாகும் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம், அவசரப் பிரேக்கில் கடைசியாக முடிவு செய்வது டயர்தான். கடற்கரை மணலில் இறங்கி வந்த நாளில் சக்கரத்துக்குள் நல்ல தண்ணீர் அடித்துவிட்டு, மெதுவாகப் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இரண்டு கிலோமீட்டர் ஓட்டிக் காயவைத்துத்தான் நிறுத்துகிறேன்.

பின் டிஸ்க் இரண்டும் இந்த மாதம் போகிறது. பூச்சு பூசினது சொல்லி வைத்திருக்கிறேன்.