மூத்தோருக்கான ஹார்மோன் பேக்கேஜ்: 3,400 ரூபாய்க்குக் கிடைத்தது என்ன?

76 வயதான என் அப்பா சில மாதங்களாகச் செய்தித்தாளைப் பிரிக்காமலேயே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு, முதுமையின் மனச்சோர்வுக்கு ஹார்மோன் குறைவே காரணம் என்று விளம்பரம் செய்த ஓர் ஆய்வகத்தின் மூத்தோர் பேக்கேஜை 3,400 ரூபாய் கட்டிப் பதிவு செய்தேன்.

ரத்தம் எடுக்க வந்த இளைஞரைக் குறை சொல்ல இடமில்லை. நழுவி ஓடும் நரம்பை விரலால் தடவிக் கண்டுபிடித்து ஒரே குத்தில் எடுத்தவர், குழாயின் மேல் பெயரையும் நேரத்தையும் எங்கள் கண்ணெதிரே எழுதினார். சிக்கல் அந்த நேரத்தில்தான் இருந்தது. ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னவர் வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. அதுவரை அப்பா வெறும் வயிற்றோடு காத்திருந்தார். ஆண்களின் முக்கிய ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து பகலில் இறங்கக்கூடியது. முதுமையில் அந்த ஏற்றஇறக்கம் மட்டுப்படும் என்றாலும், காலையிலேயே மாதிரி எடுப்பதுதான் முறை.

அதைவிடப் பெரிய குறை, மொத்த டெஸ்டோஸ்டிரோனை மட்டுமே அளந்தது. வயது ஏற ஏற, அந்த ஹார்மோனைப் பிணைத்து வைத்துக்கொள்ளும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் கூடுவதால், மொத்த அளவு சரியாகத் தோன்றும்போதே உடலுக்குப் பயன்படும் பிணையாத பங்கு குறைந்திருக்கலாம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 71 முதல் 89 வயது வரையிலான 3,987 ஆண்களை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வில், பிற காரணிகளைக் கணக்கில் எடுத்த பிறகும் மனச்சோர்வோடு உறுதியான தொடர்பு காட்டியது இந்தப் பிணையாத பங்குதான். அதுவும் தொடர்புதானே தவிர, காரணம் என்று நிறுவப்பட்டதல்ல. விளம்பரம் இந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டது.

அறிக்கையில், தைராய்டு சுரப்பு குறைந்தால் கூடும் டி.எஸ்.எச். ஹார்மோன் 5.8 என்பது சிவப்பு எழுத்தில் அச்சாகியிருந்தது. இருபத்தைந்து வயதுக்காரருக்கும் என் அப்பாவுக்கும் ஒரே அளவுகோல். 65 வயதைக் கடந்த 737 பேரிடம் ஐரோப்பாவில் நடந்து 2017இல் வெளியான ட்ரஸ்ட் ஆய்வில், இப்படிப்பட்ட லேசான தைராய்டுக் குறைவுக்கு லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை கொடுத்தும் அறிகுறிகளில் பலன் தெரியவில்லை. அறிக்கை வந்த மறுநாளே, "சார், அப்பாவுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல் ஆரம்பிச்சிடலாமா?" என்று ஆய்வகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்ததை என்னால் சேவை என்று கொள்ள முடியவில்லை.

எங்கள் மருத்துவர் அறிக்கையை ஒருமுறை புரட்டி ஓரமாக வைத்துவிட்டு, முதியோர் மனச்சோர்வு அளவீட்டின் 15 கேள்விகளையும் அப்பாவிடம் நிதானமாகக் கேட்டார். வாழ்க்கை வெறுமையாகத் தோன்றுகிறதா என்ற கேள்விக்கு அப்பா சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நெடுநேரம் பேசாமல் இருந்தார். பேக்கேஜில் இல்லாதது அந்தக் கேள்வித்தாள். அதற்கு யாரும் கட்டணம் வாங்குவதும் இல்லை.

ரத்தம் எடுத்த கைக்கு நான்கு நட்சத்திரம், பேக்கேஜுக்கு ஒன்று. தைராய்டை மட்டும் சில வாரங்கள் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அதற்குப் பக்கத்துத் தெரு ஆய்வகத்துக்கு, காலை ஏழரைக்குள், அப்பாவை நானே அழைத்துப் போவதாக இருக்கிறேன்.