ஜிஐஎஸ்ஸா, டிஜிபிஎஸ்ஸா: வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் எதை முதலில் படிப்பது?

சிவில் டிப்ளமோவோ புவியியல் பட்டமோ முடித்த வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டைப் பிள்ளைகள் முன் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கணினியில் வரைபடம் தயாரிக்கும் ஜிஐஎஸ். இன்னொன்று, செயற்கைக்கோள் சிக்னலை வாங்கி நிலத்தில் புள்ளி வைக்கும் டிஜிபிஎஸ் சர்வே. அது நிழல் வேலை, இது வெயில் வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் ஜிஐஎஸ் படியுங்கள் என்பேன். வகுப்பு முடிந்த பிறகும் வீட்டிலிருந்தே பழக முடியும் என்ற ஒரே காரணம் போதும்.

டிஜிபிஎஸ்ஸில், ஒரே இடத்தில் நிற்கும் பேஸ் கருவியும் புள்ளி புள்ளியாகக் கொண்டு போகும் ரோவரும் சேர்ந்த ஒரு செட் வாங்கச் சில லட்சம் ரூபாய் வேண்டும். பயிற்சி மையத்தில் ஒரு செட்டைப் பத்துப் பேர் சூழ்ந்து நின்றால் ஒருவர் கைக்கு எவ்வளவு நேரம் வரும்? சான்றிதழோடு ஆறு மாதம் வேலை தேடுவதற்குள் பேஸ் அமைக்கும் வரிசையே மறந்துபோகும். ஜிஐஎஸ் வேலைக்கான க்யூஜிஐஎஸ் அப்படியில்லை. மென்பொருள் இலவசம், 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப் போதும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம். ஒரு பிக்சல் நிலத்தில் 10 மீட்டர்.

பாடம் ஊரிலேயே கிடக்கிறது. சதுப்பேரிக்கோ காவேரிப்பாக்கம் ஏரிக்கோ, மழை ஓய்ந்து மேகம் விலகிய ஜனவரிப் படம் ஒன்று, மே மாதப் படம் ஒன்று இறக்குங்கள். 3-வது பேண்டிலிருந்து (பச்சை ஒளி) 8-வது பேண்டை (அண்மை அகச்சிவப்பு) கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். பூஜ்யத்துக்கு மேலே வருவது பெரும்பாலும் தண்ணீர். ஆகாயத்தாமரை மூடிய இடம் மட்டும் செடியாகத்தான் தெரியும். அதைக் கையால் திருத்த வேண்டும். பரப்பு கணக்கிடும் முன் லேயரை 32644 என்ற எண்ணுள்ள ஆயமுறைக்கு, அதாவது மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44-வது மண்டலம் வடக்குக்கு மாற்றுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில் குறிக்கும் 4326-லேயே விட்டால் சதுர டிகிரியில் விடை வந்து நிற்கக்கூடும். பெங்களூரு 43-வது மண்டலம் என்பதால், அங்கிருந்து வரும் கோப்புகளில் மண்டலக் குழப்பம் சகஜம். வேலூர்ப் பக்கத்தின் பழைய 57 P/1 டோப்போ ஷீட்டை (நில அமைப்பு வரைபடம்), அதன் டேட்டத்தை (ஆயங்களுக்கு அடிப்படையான பூமி மாதிரி) மாற்றாமல், ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று திறந்தால், ஊரே நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். இந்தப் பிழைகளை மேசையிலேயே செய்து, மேசையிலேயே திருத்தலாம். தப்பாகப் போனால் இன்னொரு முறை களத்துக்குப் போகும் செலவு இல்லை.

டிஜிபிஎஸ் குறைந்த படிப்பல்ல. பேஸின் திருத்தம் உடனுக்குடன் ரோவருக்குப் போகும் ஆர்டிகே முறையில் 1–2 செ.மீ. துல்லியம் கிடைக்கும், எல்லைக்கல் வேலைக்கு அதுதான் வேண்டும். ஆனால் 'ஃபிக்ஸ்' (துல்லியம் உறுதியான நிலை) வராமல் 'ஃப்ளோட்' (இன்னும் உறுதியாகாத) நிலையிலேயே புள்ளி எடுப்பது, ஆன்டெனா உயரத்தைச் சாய்வாக அளந்து செங்குத்தாகப் பதிவது, புளியமரத்தடியில் நின்று புள்ளி எடுப்பது என்று வரும் தவறுகள் களத்தில் பட்டுத்தான் புரியும். உயரக் கணக்கு இன்னொரு பொறி. இந்தப் பகுதியில் கருவி காட்டும் எலிப்சாய்டு உயரம் (பூமியின் கணித வடிவத்திலிருந்து அளப்பது), கடல் மட்ட உயரத்தைவிட 80 மீட்டருக்கும் மேல் குறைவாக இருக்கும். இந்த வித்தியாசத்தைச் சரிசெய்யும் ஜியாய்டு திருத்தம் போடாமல் கால்வாய் மட்டம் குறித்தால் வேலை கெட்டுவிடும்.

கருவி இல்லாமலும் இதில் கொஞ்சம் பழகலாம். பெங்களூரு ஐஐஎஸ்சி வளாகத்தில் உள்ள நிரந்தரச் செயற்கைக்கோள் சிக்னல் நிலையத்தின் ரைனெக்ஸ் கோப்புகள் (கருவி பதிந்த சிக்னல் தரவு) பொதுவில் கிடைக்கின்றன. இலவச மென்பொருளான ஆர்டிகேலிப்பில் அவற்றைத் திறந்து பார்க்கலாம். ஆனால் ட்ரைபாட் சென்டரிங், அதாவது முக்காலியைப் புள்ளிக்கு நேர்மேலே நிறுத்துவது, செய்யக் கை பழகாது.

வீட்டில் சர்வேயர் இருந்து, கருவி தினமும் கைக்கு வருமென்றால் நான் சொன்னதைத் திருப்பிப் போடுங்கள், டிஜிபிஎஸ்ஸே முதலில். சாலை, ரயில் பாதைத் திட்டங்களில் களவேலைக்கே போவது என்று தீர்மானித்தவர்களுக்கும் அது பொருந்தக்கூடும்.

எதில் சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு செட்டுக்கு எத்தனை பேர்? பேஸை நானே அமைக்க எத்தனை முறை விடுவீர்கள்? களத்தில் எடுத்த ரா டேட்டாவை (திருத்தாத மூலத் தரவை) வீட்டுக்குத் தருவீர்களா? மூன்றாவதற்கு 'இல்லை' என்றால் வேறு இடம் பாருங்கள்.