நோயுற்ற தவளைக்கு மருந்து: வாய் வழியா, தோல் வழியா?

பேக்மேன் தவளை (தொட்டியில் வளர்க்கும் கொம்புத் தவளை) இரை எடுக்காமல் கிடந்தால் வரும் முதல் குழப்பம் இது.

சிரமம்: வாயைத் திறக்க மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ஓரமாகச் செருக வேண்டும், உலோகம் வேண்டவே வேண்டாம், தாடை புண்ணாகும். தோல் வழி என்றால் முதுகில் சொட்டு விட்டாலே உறிஞ்சிக்கொள்ளும்.

அளவு: வாய் வழியே துல்லியம். கிராம் தராசில் எடை பார்த்து, மருத்துவர் சொன்ன அளவை ஊசியில்லா சிரிஞ்சில் கொடுக்கலாம். மருந்து கலந்த நீரில் தவளையை வைக்கும் குளியலில் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது.

கைட்ரிட் பூஞ்சை: தோலில்தான் குடியிருக்கும், ஆகவே குளியல். வழக்கமான முறை இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்தின் 0.01% கரைசல், தினம் 5 நிமிடம், 11 நாள். தலைப்பிரட்டைக்கும் குட்டிக்கும் இது நஞ்சாகலாம். பவுடர் இல்லாத ஈரக் கையுறை, குளோரின் நீக்கிய நீர் அவசியம்.

உணவு: மெலிந்த தவளைக்கு வாய் வழித் திரவ உணவுதான். உடம்பு குளிர்ந்திருக்கும்போது ஊட்டினால் செரிக்காமல் வயிற்றில் அழுகும். முதலில் தொட்டியின் வெப்பத்தைச் சரிசெய்யுங்கள்.